ஒரே கலைஞர், மூன்று லொகேஷன்: மாணவர் மியூசிக் வீடியோவுக்கு உடை தேர்வு, ஆலோசனை தேவை

#1 கடைசிபெஞ்ச்

வணக்கம். படிப்பின் ஒரு பகுதியாக மியூசிக் வீடியோ ஒன்று எடுக்கிறோம். பாட்டு 3 நிமிடம் 40 விநாடி. கடைசி ஒரு நிமிடம் வேகம் ஏறும். பாடுவதும் ஆடுவதும் ஒரே ஆள்தான், 19 வயதுப் பெண். இடம் மூன்று: மொட்டை மாடி (மாலை வெளிச்சம்), கலர் எல்இடி போட்ட இருட்டறை, வெள்ளைச் சுவர் உள்ள நீளமான வராந்தா. படப்பிடிப்பு 2 நாள்.

இப்போது யோசித்து வைத்திருப்பது: மாடியில் வெள்ளைச் சட்டை, ஜீன்ஸ். இருட்டறையில் கருப்பு லெதர் ஜாக்கெட், கருப்பு பேன்ட். வராந்தாவில் சன்னக் கோடு போட்ட சட்டை. நடுவில் ஒரு பகுதி ஸ்லோ மோஷன். முடிவில் தலை மேல் பெயின்ட் கொட்டும் ஷாட் ஒன்று. துணிக்கென்று தனி பட்ஜெட் இல்லை, கையில் இருப்பதையும் இரவல் வாங்குவதையும் வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். எதை மாற்றலாம், எதை விடலாம்?

#2 லென்ஸ்மூடி

கோட்டுச் சட்டையை முதலில் எடுத்துவிடுங்கள். கோடுகள் 2, 3 மி.மீ. இடைவெளியில் இருந்தால், ஆள் குறிப்பிட்ட ஒரு தூரத்துக்கு வரும்போது அந்தக் கோடுகளும் சென்சாரின் புள்ளி வரிசையும் மோதி, சட்டை மேல் வானவில் நெளிவது போல ஓர் அலை ஓடும். மோரே என்பது அதுதான். நுண்கட்டம், ஹெரிங்போன் (மீன்முள் போன்ற நெசவு), நெருக்கமாகப் பின்னிய ஸ்வெட்டர், வலைத்துணி எல்லாவற்றுக்கும் இதே தொல்லை உண்டு. க்ளோஸ்-அப்பில் ஒன்றும் தெரியாது. வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து அவர் நடந்து வருகிறார் என்றால் வழியில் ஏதோ ஓரிடத்தில் மட்டும் வந்துவிட்டுப் போகும். அதனால்தான் டெஸ்ட் ஷாட்டில் தப்பித்து எடிட்டில் மாட்டும். கேமராவின் சின்னத் திரையை இதில் நம்பாதீர்கள். பதிவு செய்து, கம்ப்யூட்டரில் 100 சதவீத அளவில் வைத்துப் பாருங்கள். கோடு வேண்டும் என்றே இருந்தால் 2 செ.மீ.க்குக் குறையாத அகலப் பட்டையாக இருக்கட்டும்.

வெள்ளைச் சட்டையின் சிக்கல் வேறு. முகத்துக்கு எக்ஸ்போஷர் (கேமரா உள்வாங்கும் ஒளி அளவு) வைத்தால் சட்டை வெளுத்து, மடிப்பு, பொத்தான், காலர் ஓரம் எதுவும் தெரியாமல் ஒரே பரப்பாகிவிடும். சட்டைக்கு வைத்தால் முகம் இருளும். மாநிறம், கருநிறத் தோலுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிது. வீட்டு சலவைத் தூளில் இருக்கும் வெளுப்பூட்டி வேறு புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடுவதால், வெளியில் எடுக்கும்போது வெள்ளை இன்னும் எகிறும். பழுப்பு கலந்த வெள்ளை, வெளிர் சாம்பல், மணல் நிறம் எது போட்டாலும் திரையில் வெள்ளையாகத்தான் தெரியும். பக்கத்தில் சுத்த வெள்ளை எதுவும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

கருப்பு மேல் கருப்பு, பின்னால் இருட்டு: முகமும் கையும் மட்டும் தனியாக மிதக்கும். லெதர் பளபளப்பாக இருப்பதால் ஓரளவு தப்பிக்கும், பேன்ட் தப்பிக்காது. ஒன்று பின்னாலிருந்து தோளுக்கும் இடுப்புக்கும் ஓர ஒளி கொடுங்கள். அல்லது பேன்ட்டை அடர் சாம்பலுக்கோ கருநீலத்துக்கோ மாற்றுங்கள். இரண்டும் செய்தால் நல்லது.

#3 தையல்மேசை

வெள்ளைச் சட்டை நல்லா பொருந்தியிருந்தா தூக்கிப் போட வேண்டாம், டீயில நனைச்சு எடுத்தா போதும். சினிமா, நாடகம் எல்லாத்துலயும் காலங்காலமா செய்யறதுதான். 1 லிட்டர் கொதிக்கிற தண்ணிக்கு 2 மேசைக்கரண்டி டீத்தூள், 10 நிமிஷம் ஊறவிட்டு சுத்தமா வடிகட்டுங்க. தூள் ஒட்டினா அந்த இடத்துல புள்ளி விழும். சட்டை முழுசா முங்கணும், அதனால 4, 5 லிட்டர் தயார் பண்ணிக்கங்க. சட்டையை முதல்ல பச்சைத் தண்ணியில நல்லா நனைச்சுப் பிழிஞ்ச பிறகுதான் உள்ள போடணும். காஞ்ச துணியை அப்படியே போட்டா தொட்ட இடம் தொட்ட இடமா திட்டுத் திட்டா ஏறும். கரண்டியால கிளறிக்கிட்டே இருங்க, 5 நிமிஷத்துல எடுத்துப் பாருங்க. ஈரத்துல நிறம் கூடுதலா தெரியும், காஞ்சா ஒரு படி இறங்கும்.

இது பருத்தி, லினன், பட்டுக்குத்தான் பிடிக்கும். பாலியஸ்டருக்குப் பிடிக்காது, கலப்புத் துணின்னா பாதிதான். இன்னொன்னு, பருத்திச் சட்டையா இருந்தாலும் தைச்ச நூல் பாலியஸ்டரா இருக்கும். சட்டை பழுப்பாயிடும், காலர்லயும் பாக்கெட் ஓரத்துலயும் தையல் மட்டும் பளிச்சுன்னு வெள்ளையா நிக்கும். க்ளோஸ்-அப்ல அது தெரியும். பழுப்பு நிற ஃபேப்ரிக் மார்க்கரால தையல் மேலேயே ஒரு ஓட்டு ஓட்டிட்டா அடங்கிடும். இரவல் சட்டையில இதைச் செய்யாதீங்க, கறை திரும்ப முழுசா போகாது.

#4 கடைசிபெஞ்ச்

நன்றி அக்கா, சட்டை எங்களுடையதுதான், பருத்திதான். ஒரு சந்தேகம். மூன்று இடத்துக்கு மூன்று உடை போதுமா? குழுவில் ஒருவர் 5, 6 மாற்றம் வேண்டும், இல்லையென்றால் போரடிக்கும் என்கிறார்.

#5 வெட்டுஒட்டு

எடிட்டிங் பக்கமிருந்து சொல்கிறேன். ஒரு ஷாட் ஒன்றரை விநாடி, இரண்டு விநாடிதான் நிற்கும். அதற்குள் பார்ப்பவருக்கு ‘இது எந்த இடம்’ என்று பிடிபட வேண்டும். வாயசைப்பு க்ளோஸ்-அப்பில் பின்னணி மங்கலாக இருக்கும், இடத்தைக் காட்டிக் கொடுப்பது கழுத்தும் தோளும்தான். அதனால் உடை மாற்றம் கண்டிப்பாக வேண்டும். அந்த மாற்றம் நிறத்தில் மட்டும் இருந்தால் போதாது, உருவக்கோட்டில் இருக்க வேண்டும். ஒன்று காலர், ஒன்று வட்டக் கழுத்து, ஒன்று கனமான தோள்.

சோதிக்க எளிய வழி: மூன்று உடையிலும் மார்பளவு போட்டோ எடுத்து, கருப்பு வெள்ளையாக்கி, கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்குங்கள். மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் சரி. இரண்டு ஒன்று போலத் தெரிந்தால் அதில் ஒன்றை மாற்றியே ஆக வேண்டும். மூன்றுக்குக் கீழே போகாதீர்கள், நான்கு இருந்தால் எனக்கு வசதி.

#6 தையல்மேசை

@வெட்டுஒட்டு உருவக்கோடு பத்தி சொன்னது சரி. நாலு வேண்டாம். 2 நாள் மாணவர் படப்பிடிப்புல ஒரு உடை மாத்தம்னா, மாத்தி, இஸ்திரி பார்த்து, முடி, மேக்கப் தொட்டு, போட்டோ எடுத்து முடிக்க 25 நிமிஷம் போயிடும். ஒரே நாள்ல 4 மாத்தம்னா 100 நிமிஷம். வெளிச்சம் அதுக்குள்ள இறங்கிடும். 5, 6 கேக்கிற நண்பர்கிட்ட இந்தக் கணக்கைக் காட்டுங்க.

அதுக்குப் பதிலா அடுக்கா யோசிங்க. உள்ள ஒரு அடிப்படை உடை. கை இல்லாத, மேட் (பளபளப்பு இல்லாத) பனியன் மாதிரி மேலுடுப்பு, உடம்போட நிக்கிற பேன்ட். அதுக்கு மேல சட்டையைத் திறந்து போடறது, பொத்தான் போடறது, இடுப்புல கட்டறது, ஜாக்கெட்டை ஏத்தறது. 3 நிமிஷத்துல ஆள் வேற மாதிரி ஆயிடுவாங்க. பாட்டோட வேகம் ஏறஏற அடுக்கு குறைஞ்சுக்கிட்டே வந்தா அதுவே ஒரு கதை சொல்லும், தனி உடை தேவைப்படாது.

#7 வெட்டுஒட்டு

அடுக்கு யோசனை எனக்குச் சம்மதம், ஒரு நிபந்தனையோடு. ஒரே இடத்துக்குள் அடுக்கு மாறினால் பாட்டின் எந்த வரியில் மாறுகிறது என்று முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வையுங்கள். வாயசைப்பை ஒவ்வொரு உடையிலும் முழுப் பாட்டுக்கும் ஒரு தடவையாவது எடுங்கள். ‘இந்த உடை பல்லவிக்கு மட்டும்’ என்று எடுத்து வந்தால், சரணத்தில் ஒரு ஷாட் சொதப்பும்போது மாற்றிப் போட எதுவும் இருக்காது.

#8 லென்ஸ்மூடி

இருட்டறையின் கலர் லைட் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, உடை தேர்வில் அதிகம் ஏமாற்றுவது அதுதான். சுத்தச் சிவப்பு எல்இடியில் சிவப்புத் துணியும் வெள்ளைத் துணியும் ஒரே மாதிரி பளிச்சென்று தெரியும். பச்சை, நீலத் துணிகள் கருப்பாகிவிடும். நீல ஒளியில் சிவப்பு கருத்துவிடும். ஆக அந்த அறைக்குத் துணியின் நிறத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு பலனும் இல்லை. எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர், பளபளப்பா மேட்டா, இவைதான் கணக்கு. சாட்டின், லெதர், ஜரிகை போன்றவை ஒளியின் நிறத்தையே வாங்கிக் காட்டும், மடிப்பு அசையும்போது உயிர் வரும். மேட் பருத்தி அங்கே செத்துக் கிடக்கும். ஒரே நிற எல்இடி மட்டும் போட்டால் அந்த ஒரு நிறத்தின் சேனல் மட்டும் நிரம்பி வழிந்து துணியின் இழை தெரியாமல் போகும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது பாதியாக) இறக்கி, முகத்தருகே கொஞ்சம் சாதாரண வெளிச்சம் கலந்துவிடுங்கள்.

சீக்வின்ஸ் (மின்னும் சின்னத் தகடுகள்) வைத்த உடை யாராவது தருகிறேன் என்றால் யோசித்து வாங்குங்கள். அறையில் அழகாக இருக்கும். இணையத்தில் ஏற்றிய பிறகு, நூற்றுக்கணக்கான புள்ளிகள் ஒரே நேரத்தில் மின்னுவதைச் சுருக்க பிட்ரேட் (விநாடிக்கு ஒதுக்கும் தகவல் அளவு) போதாமல் உடையோடு சேர்ந்து முகமும் கட்டம் கட்டமாக உடையும். கை ஓரம், காலர் என்று சின்னப் பகுதியில் இருந்தால் பிரச்சினை இல்லை.

மாடியில் அடர் சிவப்பு வேண்டாம். 4:2:0 பதிவில் (நிறத் தகவலைக் குறைத்துச் சேமிக்கும் முறை) நிறத் தகவல், வெளிச்சத் தகவலில் கால் பங்குதான். நீல வானத்துக்கு முன்னால் கனத்த சிவப்பின் ஓரம் பிசிறி நிற்கும். கடுகு மஞ்சள், செங்கல் நிறம், துரு நிறம் இவை நீலம் கலந்த மாலை வெளிச்சத்தில் ஆளைப் பிரித்துக் காட்டும், பிசிறாது. அந்த டீ நிறச் சட்டையும் அங்கே நன்றாக உட்காரும்.

#9 அடிதாளம்

ஆடுகிறவர் உடை என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறோம்! கண்ணாடி முன் நின்று பார்த்து ஓகே சொன்ன உடை ஆட்டத்தில் நிற்காது. ஃபிட்டிங் அன்று இந்த அசைவுகளைச் செய்யச் சொல்லுங்கள்: இரண்டு கையையும் நேரே தூக்குவது, தரையில் சம்மணமிட்டு எழுவது, ஒரு காலை முன்வைத்து ஆழமாக மடக்குவது, வேகமாகச் சுற்றி நிற்பது, முன்னால் குனிவது. கை தூக்கும்போது சட்டை முழுக்க மேலே ஏறினால் அக்குள் வெட்டு ஆழமாக இருக்கிறது என்று அர்த்தம். பெரிய சைஸ் வாங்கினால் அது தீராது, இன்னும் ஆழமாகும். அக்குளைப் பிரித்து, ஒரு பக்கம் 8 செ.மீ. அளவுள்ள சாய்சதுரத் துண்டை வைத்துத் தைத்தால் கை தடையில்லாமல் போகும். லெதர் ஜாக்கெட்டில் இதைச் செய்ய முடியாது, ஆகவே அதைப் போட்டுக்கொண்டு தோளுக்கு மேல் கை போகும் ஸ்டெப் வைக்காதீர்கள்.

கேமரா எந்த உயரத்தில் இருக்கப் போகிறதோ அந்த உயரத்தில் உட்கார்ந்து பாருங்கள். தரையிலிருந்து எடுக்கும் ஷாட் இருந்தால் குட்டைப் பாவாடைக்குள் அதே நிற ஷார்ட்ஸ் கட்டாயம். இறக்கம் எவ்வளவு, கழுத்து எவ்வளவு என்பதில் கடைசி வார்த்தை உடுத்துகிறவருடையது. அவருக்குச் சங்கடம் என்றால் அந்த உடை இல்லை, விவாதமும் இல்லை. பூட்டக்கூடிய ஓர் அறையை உடை மாற்றத் தனியாக ஒதுக்கிவிட்டு மற்றதைத் திட்டமிடுங்கள்.

ஸ்லோ மோஷனை எப்படி எடுக்கப் போகிறீர்கள்?

#10 கடைசிபெஞ்ச்

விநாடிக்கு 50 பிரேமில் எடுத்து 25-ல் ஓட்டலாம் என்று. அந்தப் பகுதியிலும் வாயசைப்பு உண்டு.

#11 அடிதாளம்

அப்படியானால் பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு அதற்கு வாயசைக்க வேண்டும், ஆட்டமும் இரு மடங்கு வேகம். உடை தாங்குமா என்பதை அந்த வேகத்தில்தான் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கும், வியர்க்கும், இடுப்பில் கட்டிய சட்டை அவிழும். முடிச்சை உள்பக்கம் நாலு தையல் போட்டுப் பிடித்துவிடுங்கள். துணி தேர்வும் இங்கே மாறும். ஜீன்ஸ், தடித்த பருத்தி எல்லாம் ஸ்லோ மோஷனில் அசைவே இல்லாத மாதிரி இருக்கும். ஷிஃபான், ஜார்ஜெட், மெல்லிய ரேயான் போன்றவை காற்றில் தங்கி இறங்கும். பின்பக்கம் நீளம் கூடிய மெல்லிய மேலாடை ஒன்று இரவல் கிடைத்தால் அந்தப் பகுதிக்கு அது போதும். வாயருகே பறந்து வந்து உதட்டை மறைக்காத நீளமா என்று மட்டும் பாருங்கள்.

வியர்வை: சாம்பல் நிறப் பருத்தியும் வெளிர் நீலமும் முதல் டேக்கிலேயே காட்டிக் கொடுத்துவிடும். கருப்பு, சுத்த வெள்ளை, பெரிய டிசைன் உள்ளவை மறைக்கும். லென்ஸ்மூடி சொன்ன வெளிர் சாம்பலை ஆடும் இடத்தில் போடாதீர்கள். டீ நிறச் சட்டைக்கு அக்குள் பேட் வைத்துவிடுங்கள்.

#12 லென்ஸ்மூடி

@அடிதாளம் ஏற்கிறேன். வெளிர் சாம்பல் நடந்து வரும் வராந்தாவுக்கு மட்டும்.

#13 பழையதுணி

பெயின்ட் ஷாட்டுக்கு வருகிறேன். அதில் போடும் உடை மறுபடி உபயோகத்துக்கு வராது, அதனால் வேறு எந்தக் காட்சியிலும் தேவைப்படாத உடையாகவோ, ஒரே மாதிரி 2 இருக்கிற உடையாகவோ இருக்கட்டும். 3 இருந்தால் இரண்டாவது டேக்குக்குப் பயமில்லை. இரட்டை கிடைக்காவிட்டால் ஒரே டேக், அதுவும் கடைசி நாளின் கடைசி ஷாட். பொதுவாகவே சுத்தத்திலிருந்து அழுக்குக்கு, உலர்ந்ததிலிருந்து ஈரத்துக்கு என்ற வரிசையில்தான் எடுக்க வேண்டும்.

வீட்டுச் சுவர் பெயின்ட் எதையும் தலையில் ஊற்றாதீர்கள். சோள மாவுக் கூழில் உணவு நிறம் கலந்தால் கெட்டிப் பெயின்ட் போலவே வழியும். 1 லிட்டர் தண்ணீருக்கு 60, 70 கிராம் மாவு, கட்டி விழாமல் காய்ச்சி, ஆறவைத்து, வெதுவெதுப்பாக ஊற்றுங்கள். உணவு நிறமும் தோலில் ஓரிரு நாள் தங்கும், முதல் நாளே முழங்கைக்குள் தடவிச் சோதித்துவிடுங்கள். கண்ணில் படாதபடி நெற்றிக்குப் பின்னால், உச்சியிலிருந்து ஊற்ற வேண்டும். ஈரமானால் மெல்லிய வெளிர் துணி உள்ளே இருப்பதைக் காட்டும். உள்ளே தோல் நிறத்தில் போட வேண்டும், வெள்ளையில் போட்டால் கோடு தெரியும். முந்தைய நாள் அந்தத் துணியை ஒரு வாளித் தண்ணீரில் நனைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஜீன்ஸ் நனைந்தால் எடை கூடி இடுப்பிலிருந்து இறங்கும், பெல்ட் போடுங்கள். வழுக்கும் தரையில் ரப்பர் பாய் விரித்து, துண்டும் மாற்றுடையும் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் ஆளிடம் இருக்கட்டும்.

நெருப்பு, மெழுகுவர்த்தி வைக்கும் எண்ணம் இருந்தால் ஷிஃபான், ஜார்ஜெட் மாதிரி செயற்கை இழைத் துணி அருகிலேயே வரக்கூடாது. அது உருகித் தோலில் ஒட்டும்.

#14 தையல்மேசை

ஆளுக்குக் கொஞ்சம் பெரிசா இருக்கிற இரவல் உடையை வெட்டித் தைக்காதீங்க. ஓரத்துல இருக்கிற தையலை ஒட்டி உள்பக்கமா நீள ஓட்டுத் தையல் போட்டுப் பிடிச்சா போதும், திருப்பிக் கொடுக்கிறப்போ ஒரே இழுவையில வந்துடும். பேன்ட் நீளத்தையும் உள்ள மடிச்சு அப்படித்தான். டபுள் சைடு டேப்பை நம்பாதீங்க, வியர்வையில அரை மணி நேரம்கூட தாங்காது. முதுகுல கிளிப் போட்டு இழுக்கிறது அசையாத முன்பக்க ஷாட்டுக்கு மட்டும் சரி. நூல், ஊசி, பல அளவு ஊக்கு, உதிரிப் பொத்தான், கையடக்க ஸ்டீமர், பிசிறு எடுக்கிற ஒட்டு ரோலர், கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி, இத்தனையும் ஒரு பையில வச்சு ஒரே ஒரு ஆள்கிட்ட கொடுங்க. கருப்பு பேன்ட்டுக்கு ரோலர் ஒவ்வொரு டேக்குக்கும் முன்னாடி ஓடணும். ஓர ஒளி கொடுத்தா ஒவ்வொரு பிசிறும் மின்னும்.

#15 வெட்டுஒட்டு

அந்த ஒரே ஆளிடமே கன்டினியூட்டி போட்டோவும் (ஷாட்டுக்கு ஷாட் உடை மாறாமல் ஒப்பிட்டுப் பார்க்க) இருக்கட்டும். உடைக்கு முன், பின், இரு பக்கம் என 4 போட்டோ. அதோடு மேல் பொத்தான் எத்தனை திறந்திருக்கிறது, கை எத்தனை மடிப்பு, எந்தக் கையில் கடிகாரம், ஜாக்கெட் ஜிப் எதுவரை, சட்டை உள்ளேயா வெளியேயா என்று ஒரு வரி. முதல் டேக்குக்கு முன் எடுத்தது போதாது, இடைவேளைக்குப் போகும்போதும் எடுக்க வேண்டும். ஆடி முடித்தபோது கை மடிப்பு எப்படி இறங்கியிருந்ததோ அந்த நிலையிலிருந்துதான் அடுத்த ஷாட் தொடங்கும்.

உடையில் பிராண்ட் பெயர், கார்ட்டூன் உருவம், பெரிய எழுத்து எதுவும் வேண்டாம். உரிமைச் சிக்கல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், திசை பொருந்த நான் ஷாட்டைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பும்போது எழுத்து இடவலம் மாறிக் காட்டிக் கொடுக்கும். ஒரு பக்கம் மட்டும் பாக்கெட் இருப்பதும் அப்படித்தான், ஆனால் அதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை.

#16 கடைசிபெஞ்ச்

எல்லோருக்கும் நன்றி. திருத்திய பட்டியல்:

மாடி: டீ நிறச் சட்டை திறந்தபடி, உள்ளே செங்கல் நிற மேலுடுப்பு, ஜீன்ஸ். ஸ்லோ மோஷன் மாடியிலேயே. அப்போது சட்டைக்குப் பதில் நீளமான ஷிஃபான் மேலாடை.
இருட்டறை: லெதர் ஜாக்கெட், உள்ளே சாட்டின், அடர் சாம்பல் பேன்ட், ஓர ஒளி. கடைசி ஒரு நிமிடத்தில் ஜாக்கெட் இல்லை.
வராந்தா: வெளிர் சாம்பல் வட்டக் கழுத்து, மேலே ஒன்றுமில்லை.
பெயின்ட்: வராந்தாவில், அதே சாம்பல் மேலுடுப்பு, இரட்டை இருக்கிறது.

இரண்டு கேள்வி. வெள்ளைச் சுவர் முன் வெளிர் சாம்பல் கரைந்துவிடாதா? ஷூ பற்றி என்ன?

#17 லென்ஸ்மூடி

சுவருக்கு விழும் வெளிச்சத்தைப் பொறுத்தது. ஆளுக்கும் சுவருக்கும் ஒரே வெளிச்சம் என்றால் கரையும். சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளி நடக்கவிட்டு, அந்தப் பக்கத்து விளக்கை அணைத்தால் சுவர் இறங்கி சாம்பல் மேலே வரும். விளக்கை அணைக்க முடியாத வராந்தா என்றால் சாம்பலை இரண்டு படி அடர்த்தியாக்குங்கள். வண்ணப் பெயின்ட் வழிவது அடர்த் துணியில் குறைவாகத் தெரியும் என்பதையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள். போன் கேமராவில் 2 நிமிட வேலை, அதே விளக்கில், அதே நேரத்தில்.

#18 அடிதாளம்

ஷூ: ஆடும் இடத்துக்கு ஏற்கெனவே போட்டுப் பழகியதுதான். அடிப்பகுதி வழுக்கினால் கரடுமுரடான உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். ரொம்பப் பிடித்து இழுத்தால் சுற்றும்போது முழங்கால் திருகும். முன்பாதத்தில் மட்டும் துணி டேப் ஒட்டினால் சுழலும். டேப் தேயும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வராந்தாவில் பாட்டைத் தவிர நேரடி ஒலி எதுவும் பதிவு செய்யவில்லை என்றால் காலடிச் சத்தத்தைப் பற்றி நினைக்க வேண்டாம். மாடியில் கால் முழுக்கத் தெரியும் வைட் ஷாட் இருக்கும், அதனால் சுத்த வெள்ளை ஷூ வேண்டாம். கண் அங்கேயே போகும்.

#19 பழையதுணி

முதல் நாள் போட்டதை இரண்டாம் நாள் மறுபடி போடுவதாக இருந்தால் இரவு துவைத்து இஸ்திரி போட்டுவிடாதீர்கள், மடிப்பெல்லாம் மாறிவிடும். உள்ளே போட்டதை மட்டும் துவைத்து, வெளியே போட்டதைக் காற்றாட ஹேங்கரில் தொங்கவிடுங்கள். இரவல் உடைகளை முதல் எடிட் முடியும்வரை திருப்பித் தர வேண்டாம் என்று கொடுத்தவரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன ஒரு க்ளோஸ்-அப்பைத் திரும்ப எடுக்க வேண்டிவந்தால் அதே ஜாக்கெட் வேண்டும்.

#20 கடைசிபெஞ்ச்

பேசிவிட்டேன், மூன்று வாரம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அடர் சாம்பலில் இரட்டை இருக்கிறதா என்று தேடுகிறோம். நாளை வராந்தாவில் வெளிர், அடர் சாம்பல் இரண்டையும் போனில் எடுத்து இங்கே போடுகிறேன்.